மனசுக்கான மாத்திரையை நிறுத்தினால் சுகர் போய்விடுமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 38 வயது, மனச்சிதைவு நோய். பல வருடமாக ராத்திரி ஓலான்சபின் சாப்பிடுகிறான். உடம்பு சரியாக இருக்கும்போது ரப்பர் பால்வெட்டுக்கும் போவான். போன மாதம் வெறும்வயிற்றுச் சுகர் 190 என்று வந்து, மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும் எழுதிக் கொடுத்தார்கள். "அந்தக் குளிகைதான் சுகரைக் கொண்டுவந்தது, நிறுத்து" என்கிறார் மாமா. அம்மா பலகாரத்தைப் பூட்டி வைத்தால் வீட்டில் ஒரே சண்டை. என்ன செய்ய? — ஒரு தங்கை, கருங்கல்

பதில்: மாமா சொல்வதில் பாதி உண்மை. ஓலான்சபின் பசியைக் கிளப்பும், எடையை ஏற்றும், சுகரையும் ஏற்றும், இதே நோய்க்குக் கொடுக்கிற குளோசபினும் அப்படித்தான். ஆபத்து இருப்பது "நிறுத்து" என்கிற மீதிப் பாதியில். நீங்களாக நிறுத்தினால் சுகர் இறங்கிவிடும் என்று எந்த உறுதியும் இல்லை, நோய் திரும்புகிற வாய்ப்புதான் நிறைய. தூக்கம் போய், சந்தேகம் வந்து, அப்புறம் சுகர் மாத்திரையையும் விஷம் என்று துப்ப ஆரம்பித்தால் யார் பார்ப்பது? அரிபிபிரசோல் மாதிரி எடையை அவ்வளவாகக் கூட்டாத மருந்துகள் உண்டு, மாற்ற முடியுமா என்று மனநல டாக்டரிடம் கேளுங்கள். சிலருக்கு ஓலான்சபின்தான் ஒத்துவரும், அப்படியானால் அதை விடாமலே சுகரைக் கவனிக்க வேண்டியதுதான். மெட்ஃபார்மின் அந்த எடையேற்றத்தையும் கொஞ்சம் பிடித்து வைக்கும்.

பெரும்பாலும் மனசுக்கு ஒரு டாக்டர், சுகருக்கு ஒரு டாக்டர், இவர் எழுதியது அவருக்குத் தெரியாது. எல்லா மாத்திரையின் பெயரையும் ஒரே நோட்டில் எழுதி இரண்டு பேரிடமும் நீட்டுங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். சுகர் மாத்திரைக்கு மாதாமாதம் அலைய முடியாவிட்டால், வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிற, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

எனக்குக் கவலையே அந்தக் கிளிமிப்ரைடும் பால்வெட்டும்தான். விடியுமுன்னே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், பத்து மணிக்குத்தான் கஞ்சி குடிப்பார் என்றால் நடுவில் சுகர் சரேலென்று இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், எரிந்து விழுவார், சம்பந்தமில்லாமல் பேசுவார். வீட்டில் உள்ளவர்கள் "பழையபடி ஆரம்பிச்சாச்சு" என்றுதான் நினைப்பார்கள். முதலில் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த மாத்திரையை எப்போது போடுவது என்பதை, அவர் வேலைக்குப் போகும் நேரத்தைச் சொல்லி டாக்டரிடம் கேட்டே ஆகவேண்டும்.

சாப்பாடு. பூட்டு வேண்டாம். மருந்து கிளப்புகிற பசி நிஜமான பசி, அதைக் கொழுப்பு என்று திட்டிப் பிரயோஜனமில்லை. மரச்சீனிக் கிழங்கைப் பாதியாக்கி மீன்கறித் துண்டைக் கூட்டுங்கள், ராத்திரிப் பசிக்கு அவித்த பயறு இருக்கட்டும். கருப்பட்டிக் காப்பி சுகருக்கு ஆகும் என்று அம்மா நினைத்தால், இல்லை, அதுவும் சர்க்கரைதான். வாய் வறண்டு கலர் சோடாவுக்கும் சீனிச் சாயாவுக்கும் போகிறாரா என்று பாருங்கள், பக்கத்தில் தண்ணீரோ மோரோ இருந்தாலே பாதி குறையும்.

அப்புறம் ஒன்று, உங்கள் கடிதத்தில் மாமா பேசுகிறார், அம்மா பூட்டுகிறார், அண்ணன் என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. எதை விடமுடியும், எதை முடியாது என்று அவரிடமே கேளுங்கள். காலையில் குடிக்கிற ஒரு காப்பிதான் முக்கியம் என்றால் அதைக் குறைந்த சீனியில் வைத்துக்கொண்டு மற்றதைக் குறைக்கலாம். சுகர் பார்க்கிற மெஷினும் அவர் கையிலேயே இருக்கட்டும்.

தண்ணீர் தாகம் அடங்காமல், ஓயாமல் ஒன்றுக்குப் போய், வாந்தியெடுத்து அசந்து கிடந்தால் மாத்திரை மயக்கம் என்று விட்டுவிடாமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே மனநோயைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் சுகர் ரீடிங்கைச் சொல்லுங்கள்.