‘பைபிளை மனுஷன்தானே எழுதினான்?’: மயிலாடுதுறை சகோதரருக்குப் பதில்

கடையில் உங்களோடு வேலை பார்ப்பவர் ‘பைபிளை மனுஷன்தானே எழுதினான்?’ என்று கேட்டு மடக்கினார் என்றீர்கள். "ஆமாம், மனுஷன்தான்" என்றே தொடங்குங்கள். லூக்கா 1:1-4 பாருங்கள், விசாரித்து எழுதியதாக லூக்காவே சொல்கிறார். 2 தீமோத்தேயு 3:16-இல் ‘அருளப்பட்டது’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘தியோப்நியூஸ்டோஸ்’: கடவுளின் மூச்சிலிருந்து வந்தது. கடவுள் சொல்லச்சொல்ல மனுஷர்கள் எழுதிக்கொண்டார்கள் என்று அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை.

இதோடு நிறுத்தினால், "புத்தகமே தனக்குச் சாட்சியா?" என்பார். நியாயமான கேள்விதான். அங்கே இயேசுவிடம் போங்கள். வேதவாக்கியம் தவறாது என்று அவர் எடுத்துக்கொண்டதை யோவான் 10:35 காட்டும். அவரை நம்புவதால்தான் கிறிஸ்தவர்கள் இதையும் நம்புகிறார்கள்.

சாக்கடல் அருகே கிடைத்த ஏசாயா சுருளை, அதாவது ஏசாயா புத்தகத்தின் பழங்காலக் கைப்பிரதியை, மட்டுமே ஆதாரமாக நீட்டாதீர்கள். அது நகல் எடுத்த கவனத்துக்குச் சாட்சி, அருளப்பட்டதற்கு அல்ல. ‘அருளப்பட்டது’ என்ற தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டும் வாதாட வேண்டாம். உங்கள் பக்கத்துத் தரங்கம்பாடியில் 1715-இல் அச்சேறி முடிந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடும் மொழிபெயர்ப்புதானே.