கேள்வி நேரம்: பிரதமர் பூட்டீன் நலமா?

கேள்வி: அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் கனடா நாட்டவர் என்றாலே கம்பளித் தொப்பியும் பீரும் ஹாக்கி மட்டையுமாக வருகிறார்கள், எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கிறார்கள். இந்தக் கேலியை அவர்கள் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள்? பதிலுக்கு அமெரிக்கர்களைக் கேலி செய்வதில்லையா?

– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: பொறுத்துக்கொள்வது மட்டுமா, அந்தக் கேலியில் கணிசமான பகுதியை உருவாக்கி ஏற்றுமதி செய்தவர்களே அவர்கள்தாம். 1980-இல் 'எஸ்.சி.டி.வி.' என்ற நகைச்சுவை நிகழ்ச்சி, கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.சி.க்கு மாறியபோது, வாரந்தோறும் இரண்டு நிமிடம் கனடாவுக்கே உரிய விஷயம் இடம்பெற வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. (கனடாவிலேயே தயாராகி, பெரும்பாலும் கனடாக்காரர்களே எழுதி நடித்த நிகழ்ச்சியிடம்தான் இந்தக் கோரிக்கை!) அலுத்துப்போன ரிக் மொரானிஸும் டேவ் தாமஸும், நாட்டின் வரைபடத்துக்கு முன்னால் கம்பளித் தொப்பியும் குளிர்கோட்டுமாக உட்கார்ந்து, பீர் குடித்தபடி, கனடாக்காரர்கள் பேச்சின் முடிவில் ஒட்டிக்கொள்ளும் 'எய்' என்ற சொல்லை வாய்க்கு வாய் போட்டு வெட்டிப்பேச்சுப் பேசும் பாப், டக் மெக்கென்சி சகோதரர்களைப் படைத்தார்கள். நிர்வாகத்தை நையாண்டி செய்யக் கிளம்பிய அந்தத் துணுக்கு அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியிலும் ஓடி, 1983-இல் திரைப்படமாகவும் வந்தது. நீங்கள் பார்க்கும் தொப்பிக்காரர்கள் பெரும்பாலும் இவர்களுடைய வாரிசுகள்.

பதில் கேலியும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் 'எங்களைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரியாது' என்ற ஒரே புள்ளியைச் சுற்றியே வருகிறது. நகைச்சுவையாளர் ரிக் மெர்சர் நிருபராக ஒலிவாங்கியுடன் அமெரிக்கத் தெருக்களில் இறங்கி, இல்லாத செய்திகளைச் சொல்லிக் கருத்துக் கேட்பார். 2000-இல் அதிபர் வேட்பாளராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷிடம், கனடாவின் பிரதமர் ஜான் பூட்டீன் அவரை ஆதரிப்பதாகச் சொன்னார். புஷ்ஷும் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். அப்போது பிரதமராக இருந்தவர் ஜான் கிரெட்டியென். பூட்டீன் என்பது உருளைக்கிழங்கு வறுவலின் மேல் பாலாடைக்கட்டித் துண்டுகளும் குழம்பும் ஊற்றித் தரும், கனடாவின் கியூபெக் மாகாணப் பலகாரம். நான்கு ஆண்டுகள் கழித்து, அதிபராகக் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகருக்கு வந்த புஷ், பூட்டீனைச் சந்திக்க முடியுமென்று நம்பியிருந்ததாகத் தாமே சொல்லிச் சிரிக்கவைத்தது அவருடைய பெருந்தன்மை.

இந்தச் சிரிப்பில் சற்றுத் தாழ்வுணர்ச்சியும் கலந்திருக்கிறது என்பது என் எண்ணம். அமெரிக்கப் பாட்டும் படமும் கனடாவை நிறைத்துவிட்டதால்தான், வானொலியில் குறிப்பிட்ட விழுக்காடு உள்நாட்டு இசை ஒலிக்க வேண்டும் என்று 1971-இலேயே விதி போட வேண்டியிருந்தது. கனடாவைத் தங்களோடு இணைக்கப்போவதாக டிரம்ப் பேசிய 2025-இல், எதிர்ப்புக்குச் சின்னமாக 'முழங்கைகளை உயர்த்து' (மோதலுக்குத் தயாராக இரு) என்ற ஹாக்கி வழக்கைப் பரவச் செய்தவர், டொராண்டோவில் இன்று தமிழர் நிறைந்த ஸ்கார்பரோ பகுதியில் பிறந்த நகைச்சுவை நடிகர் மைக் மையர்ஸ். அதை அவர் செய்து காட்டியதும் நியூயார்க்கின் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியின் மேடையில்தான். அந்த நிகழ்ச்சியை 1975-இல் தொடங்கிய லார்ன் மைக்கேல்ஸும் டொராண்டோவில் வளர்ந்தவர்.