1900களின் தொடக்கத்தில் அமெரிக்கா போன பெண்களுக்கு ஆபத்து எங்கிருந்து வந்தது?

கேள்வி: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குடியேறிய பெண்கள் என்னென்ன கஷ்டங்களையும் ஆபத்துகளையும் சந்தித்தார்கள்?

பதில்:

அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகளைப் புரட்டினால் ஒரு பயம்தான் பெரிதாகத் தெரியும். துறைமுகத்திலோ ரயில் நிலையத்திலோ நின்றுகொண்டு, வேலை வாங்கித் தருகிறேன் என்று பேசி, தனியாக வரும் பெண்ணைக் கூட்டிப்போய் விபசார விடுதியில் விற்றுவிடும் தரகனைப் பற்றிய பயம். அது வெறும் கற்பனை இல்லை. நியூயார்க்கில் ரயில் ஏற்றிவிடப்பட்ட பெண்கள் சிலர் சிகாகோவில் சொன்ன முகவரிக்குப் போய்ச் சேரவே இல்லை. அதற்காகவே 1908இல் சிகாகோவில் குடியேறிகள் பாதுகாப்பு சங்கம் ஒன்று தொடங்கினார்கள். கிரேஸ் அபட் அதை நடத்தினார். வந்து இறங்கும் பெண்களைத் தேடிப்போய் விசாரிப்பது அவர்கள் வேலையில் முக்கியமான ஒன்று. 1910இல் பெண் கடத்தலுக்கு எதிராக 'மான்' (Mann) என்பவர் பெயரில் ஒரு சட்டமும் வந்தது.

ஆனால் நான் படித்த வரையில், அந்தப் பெண்களை அதிகம் வதைத்தது முன்பின் தெரியாத தரகன் இல்லை. சட்டப்படியே அவர்கள் மேல் அதிகாரம் வைத்திருந்தவர்கள்தான்: கப்பல் ஊழியர், குடியேற்ற அதிகாரி, கணவர், சூப்பர்வைசர், முதலாளி. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகப் புரியும்.

கப்பலிலிருந்தே ஆரம்பிக்கலாம். மலிவு டிக்கெட்காரர்களைக் கப்பலின் அடித்தட்டில் அடுக்குப் படுக்கைகளில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த டில்லிங்ஹாம் கமிஷன் இதை விசாரிக்கத் தன் ஆட்களையே சாதாரணப் பயணிகள் போல ஏற்றி அனுப்பியது. அதில் ஒருவர் பெண். 12 நாள் அந்த அடித்தட்டில் வந்தவர், நாற்றத்தையும் அழுக்கையும் பற்றி மட்டும் எழுதவில்லை. கப்பல் ஊழியர்கள் பெண்கள் தங்கிய பகுதிக்குள் இஷ்டத்துக்கு வந்துபோனதையும், பெண்களைத் தொட்டுச் சீண்டியதையும் பதிவு செய்தார். புகார் சொல்ல வேண்டுமென்றாலும் அந்த ஊழியர்களிடம்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் எல்லிஸ் தீவு, நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த நிலையம். அங்கே டாக்டர் ஒரே பார்வையில் சந்தேகப்பட்டு, சாக்பீஸால் கோட்டின் மேல் ஓர் எழுத்து போட்டுவிடுவார். கண் என்றால் ஓர் எழுத்து, இதயம் என்றால் ஓர் எழுத்து, கர்ப்பம் என்றால் இன்னொன்று. டிரக்கோமா என்ற கண்நோய் இருக்கிறதா என்று இமையைப் புரட்டிப் பார்ப்பார்கள். ஷூ பட்டன் மாட்டும் கொக்கியைக்கூட அதற்குப் பயன்படுத்தினார்கள். குழந்தைக்கு அந்த நோய் இருந்து திருப்பி அனுப்பினால் தாயும் கூடப் போக வேண்டியதுதான். கரையில் கணவர் காத்துக்கொண்டிருப்பார். இவள் திரும்பக் கப்பல் ஏறுவாள்.

தனியாக வந்த பெண்ணை அப்படியே வெளியே விடமாட்டார்கள். சொந்தக்காரர் நேரில் வர வேண்டும், இல்லை தந்தியோ பணமோ வர வேண்டும். நிச்சயம் செய்துகொண்டு வந்தவள் என்றால், மாப்பிள்ளை வந்து கல்யாணம் முடிந்த பிறகுதான் அனுப்புவார்கள். பல சமயங்களில் இது அவளைக் காப்பாற்றியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நேரில் பார்த்ததும் அந்த ஆளைப் பிடிக்காமல் போன பெண்ணுக்கு என்ன வழி இருந்தது? 'அரசுக்குப் பாரமாகிவிடுவாள்' என்ற ஒரு சட்டப்பிரிவு போதும், திருப்பி அனுப்பிவிடலாம். ஆண் துணை இல்லாதவள், கர்ப்பிணி, கைக்குழந்தையோடு வந்த விதவை எல்லோர் தலைக்கு மேலும் அந்தப் பிரிவு தொங்கிக்கொண்டிருந்தது.

குடியுரிமையும் அப்படித்தான். அமெரிக்கனைக் கல்யாணம் செய்தால் வெளிநாட்டுப் பெண் தானாகவே அமெரிக்கக் குடிமகள் ஆகிவிடுவாள். 1907 சட்டப்படி, வெளிநாட்டானைக் கல்யாணம் செய்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள். 1922இல் கேபிள் சட்டம் இதை ஓரளவு மாற்றியது. கணவர் ஆசியராக இருந்தால் அப்போதும் அவள் குடியுரிமை போய்விடும். அது மாற 1931 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன், கணவரின் விசாவை ஒட்டி வந்தவள். சில வருடங்கள் வேலை செய்ய அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்திருக்கிறேன். அந்தப் பெண்கள் பட்டதோடு இதை ஒப்பிடவே கூடாது. ஆனாலும் நம் இருப்பே இன்னொருவர் தாளில் ஒட்டிக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரியும். அதனால்தான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

மேற்குக் கரையில் கதை வேறு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவு குடியேற்ற நிலையம் 1910இல் திறந்தது. சீனப் பெண்களை அங்கே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வைத்து விசாரித்தார்கள். உன் கிராமத்து வீட்டுக்கு எத்தனை படி? அரிசிப் பானை எங்கே இருக்கும்? மூன்றாவது வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்? இதே கேள்விகளைக் கணவரிடமும் கேட்பார்கள். பதில் பொருந்தாவிட்டால் மனைவி இல்லை என்று முடிவு கட்டிவிடலாம். ஜப்பானியப் பெண்கள் போட்டோ மட்டும் பார்த்து நிச்சயம் செய்துகொண்டு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். படத்தில் இளைஞன், துறைமுகத்தில் நிற்பவர் பத்து, பதினைந்து வயது மூத்தவர். கடை வைத்திருக்கிறேன் என்று எழுதியவர் உண்மையில் வயலில் கூலி. சகிக்க முடியாமல் ஓடிப்போன மனைவிகளும் உண்டு. அவர்களைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லிக் கணவர்கள் ஜப்பானிய மொழிப் பத்திரிகைகளில் போட்டோவோடு விளம்பரம் கொடுத்தார்கள்.

நியூயார்க்கில் இது தலைகீழாக நடந்தது. அங்கே ஓடிப்போனவர்கள் கணவர்கள். யூதக் குடும்பங்களில் இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்றால், 1911இல் அதற்கென்றே தேசிய அளவில் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். 'ஃபார்வர்ட்ஸ்' என்ற, யூதர்களின் இத்திஷ் மொழிப் பத்திரிகை காணாமல்போன கணவர்களின் படங்களை வரிசையாக அச்சிட்டது. பாஷை தெரியாத ஊரில், வாடகை பாக்கியோடு, நாலைந்து பிள்ளைகளோடு நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பத்திரிகைப் பக்கம்தான் கடைசி நம்பிக்கை.

இந்தியர்கள் யாராவது இருந்தார்களா என்று கேட்பீர்கள். மிகக் குறைவு, அதிலும் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. கலா பகாய் அவர்களில் ஒருவர். 1915இல் கணவர் வைஷ்ணோ தாஸ் பகாயோடும் மூன்று மகன்களோடும் சான் பிரான்சிஸ்கோ வந்தார். பெர்க்லியில் சொந்தமாக வீடு வாங்கிக் குடிபோன அன்று, அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி உள்ளே விடவில்லை. 1923இல் இந்தியர்களுக்குக் குடியுரிமைத் தகுதி இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாங்கிய குடியுரிமை பறிபோன வைஷ்ணோ தாஸ் 1928இல் உயிரை மாய்த்துக்கொண்டார். கலா மூன்று பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினார். அவரை உள்ளே விடாத பெர்க்லியில் இன்று ஒரு தெருவுக்கு அவர் பெயர்.

சரி, வேலைக்கு வருவோம். இங்கேதான் அதிகம் சொல்ல இருக்கிறது.

கல்யாணமான பெண்கள் பெரும்பாலும் வீட்டிலேயே வேலை செய்தார்கள். நியூயார்க்கில் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில் ஜன்னல்கூட இல்லாத உள்ளறைகளில் துணிக்குக் கைத்தையல், காகிதப் பூ கட்டுவது, கூடவே காசுக்கு ஆட்களைத் தங்கவைத்து அவர்களுக்குச் சமைத்து, துவைத்துப் போடுவது. பிள்ளைகளும் உட்கார்ந்து பூ கட்டுவார்கள். காசநோய் அந்த வீடுகளில் சாதாரணம்.

கல்யாணமாகாத பெண்கள் பேக்டரிக்குப் போனார்கள். மாசசூசெட்ஸ் மாநிலம் லாரன்ஸ் ஊரின் கமெல்லா டியோலி என்ற இத்தாலியச் சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பெண். ஒருவன் வீட்டுக்கு வந்து, ஏன் இவளை மில்லுக்கு அனுப்பவில்லை என்று அப்பாவைக் கேட்டான். 4 டாலர் கொடுத்தால் 14 வயது ஆகிவிட்டதாக ஊரிலிருந்து சான்றிதழ் வரவழைத்துத் தருகிறேன் என்றான். அப்படி மில்லில் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே அவள் முடி மெஷினில் சிக்கி, தலைத்தோல் பிய்ந்து வந்துவிட்டது. ஏழு மாதம் ஆஸ்பத்திரி. கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தது, சம்பளம் கொடுக்கவில்லை. 1912 மார்ச்சில், 14 வயதில், வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து இதைச் சொன்னாள். ஜனாதிபதி டாஃப்டின் மனைவி அந்த விசாரணைக்கு வந்திருந்தார். பிற்காலத்தில் கமெல்லாவின் மகளே அந்த வழுக்கை தெரியாதபடி அம்மாவுக்குத் தலை சீவிவிடுவாராம். ஆனால் அம்மா வாஷிங்டன் போய்ச் சாட்சி சொன்னதெல்லாம் மகளுக்குத் தெரியாது. அம்மா இறந்த பிறகு ஒரு பத்திரிகையாளர் போய்ச் சொல்லித்தான் தெரிந்தது.

அந்த விசாரணையே ஒரு வேலைநிறுத்தத்தால் வந்தது. பெண்களுக்கு வாரம் 56 மணி நேர வேலையை 54 ஆகக் குறைத்து மாநிலம் சட்டம் போட்டது. மில்காரர்கள் அந்த இரண்டு மணி நேரக் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். பல நாட்டுப் பெண்கள் சேர்ந்து தெருவில் இறங்கினார்கள். ஜனவரி 29 அன்று அன்னா லோபிஸோ என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். பிப்ரவரி 24 அன்று, பட்டினியிலிருந்து காப்பாற்றப் பிள்ளைகளை வெளியூர் அனுப்ப ரயில் நிலையம் வந்த தாய்மார்களைப் போலீஸ் அடித்து இழுத்துப்போனது. நாடே கொதித்தது அதற்குத்தான். மார்ச் நடுவில் மில்காரர்கள் இறங்கிவந்தார்கள்.

நியூயார்க் டிரையாங்கிள் பேக்டரி தீவிபத்து பலருக்குத் தெரிந்திருக்கும். 1911 மார்ச் 25, சனிக்கிழமை, சம்பள நாள், வேலை முடியும் நேரம். கட்டடத்தின் 8, 9, 10 மாடிகளில் பெண்களுக்கான மேல்சட்டை தைக்கும் கம்பெனி. எட்டாம் மாடியில் கட்டிங் டேபிளுக்குக் கீழே இரண்டு மாதமாகச் சேர்ந்த வேஸ்ட் துணியில் தீப்பிடித்தது. அங்கிருந்து பத்தாம் மாடிக்குப் போனில் சொன்னார்கள். முதலாளிகள் மொட்டைமாடி வழியாகத் தப்பினார்கள். ஒன்பதாம் மாடிக்குச் சொல்ல ஆளில்லை. அங்கே ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது. துணி திருடிக்கொண்டு போகிறார்களா என்று பையைச் சோதித்து அனுப்ப ஒரே வழிதான் வேண்டும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. தீ நேரத்தில் தப்பிக்க வெளியே வைத்திருந்த இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. ஜோசஃப் ஸிட்டோ போன்ற லிஃப்ட் ஓட்டுநர்கள் முடிந்தவரை மேலே போய்ப் போய் ஆட்களை இறக்கினார்கள். 146 பேர் இறந்தார்கள், அதில் 123 பேர் பெண்கள். பெரும்பாலும் யூத, இத்தாலியப் பெண்கள். மிகச் சிறியவர்களுக்கு வயது 14.

இதே கம்பெனிப் பெண்கள் 1909இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த நவம்பரில் கூப்பர் யூனியன் அரங்கில் தலைவர்கள் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தபோது, உக்ரைனிலிருந்து வந்த கிளாரா லெம்லிக் எழுந்து பொது வேலைநிறுத்தம் வேண்டும் என்று கேட்டார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் அடியாட்கள் தாக்கி அவர் விலா எலும்புகள் உடைந்திருந்தன. சுமார் 20,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். மறியல் செய்த பெண்களைப் போலீஸ் அடித்துக் கைது செய்தது. பணக்கார வீட்டுப் பெண்கள் வந்து கூட நின்ற பிறகுதான் அடி குறைந்தது. பல கம்பெனிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. டிரையாங்கிள் கடைசிவரை சங்கத்தை ஏற்கவில்லை.

தீவிபத்தைவிட என்னை அதிகம் உலுக்குவது அதற்குப் பிறகு நடந்த வழக்குதான். கேட் ஆல்டர்மேன் என்ற பெண், தோழி மார்கரெட் ஸ்வார்ட்ஸ் பூட்டிய கதவருகே எரிந்ததைச் சாட்சி சொன்னார். முதலாளிகளின் வக்கீல் மேக்ஸ் ஸ்டூயர் அவரை மறுக்கவில்லை, மிரட்டவும் இல்லை. இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார். பிறகு மறுபடியும். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே வார்த்தைகள் வந்தன. பாருங்கள், யாரோ சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்திருக்கிறாள் என்ற எண்ணத்தை ஜூரி மனதில் விதைத்துவிட்டார். அவ்வளவாகப் பழகாத மொழியில், வாழ்க்கையின் மிகக் கொடூரமான நிமிடத்தைச் சொல்ல வேண்டியவர் வேறு எப்படிச் சொல்வார்? ஒருமுறை பொறுக்கி எடுத்த சொற்களைத்தானே திரும்பவும் பிடித்துக்கொள்வார்? டிசம்பரில் முதலாளிகள் இருவரும் விடுதலை. கதவு பூட்டியிருந்தது அந்த நேரத்தில் முதலாளிகளுக்குத் தெரியும் என்று நிரூபணம் ஆகவில்லையாம். 1914இல் வழக்குப் போட்ட குடும்பங்களுக்கு ஓர் உயிருக்கு 75 டாலர் கிடைத்தது. இடையில் 1913இல் அந்த முதலாளிகளில் ஒருவரான மேக்ஸ் பிளாங்க் இன்னொரு பேக்டரியில் வேலை நேரத்தில் கதவைப் பூட்டிவைத்து மறுபடி பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.

மாற்றம் வந்தது. பெண்கள் குதித்ததைத் தெருவில் நின்று பார்த்த ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் பின்னர் நியூயார்க் மாநில விசாரணைக் கமிஷனுக்காக உழைத்தார். சில வருடங்களில் தீப் பாதுகாப்பு, வேலை நேரம் பற்றி முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. 1933இல் அவரே தொழிலாளர் துறைக்குச் செயலர் ஆனார்; அமெரிக்க அமைச்சரவையில் முதல் பெண் அவர்தான்.

மேலும் படிக்க விரும்பினால் புத்தகங்களுக்கு முன் அந்தப் பெண்களின் சொந்தப் பேச்சைப் படியுங்கள். டிரையாங்கிளில் பிழைத்தவர்களின் பேட்டிகளைக் கார்னெல் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கடைசியாக உயிரோடு இருந்தவர் ரோஸ் ஃப்ரீட்மன். 2001இல் 107 வயதில் இறந்தார். கதவு திறந்திருந்தது என்று சாட்சி சொல்லக் கம்பெனி தரப்பில் பணம் தர வந்ததையும், தான் மறுத்ததையும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.