நினைவாற்றல்: கேட்டவையும் பதில்களும்

ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர்: ஐயா, ஒரு பாடத்தை ஐந்தாறு முறை படித்தும் தேர்வறையில் மறந்துபோகிறது. வல்லாரை சாப்பிட்டால் சரியாகுமா?

வல்லாரைத் துவையல் சோற்றுக்கு நன்றாக இருக்கும், சாப்பிடுங்கள். கோளாறு படிக்கும் முறையில் இருக்கிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மாணவர்களில் சிலர் மறுபடி படித்தார்கள். சிலர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். திரும்பத் திரும்பப் படித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். அதைத் ‘தெரியும்’ என்று எண்ணி ஏமாறுகிறோம். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். கை நிற்கிற இடத்தை மட்டும் மறுபடி படியுங்கள். நாலைந்து நாள் விட்டு மீண்டும் எழுதுங்கள்.

ஒரு குடும்பத்தலைவி: காலையில் சாப்பிட்டதே மாமியாருக்கு நினைவில்லை. ஆனால் பூக்கட்ட உட்கார்ந்தால் ஒரு முடிச்சுகூடத் தவறுவதில்லை. நடிக்கிறார் என்கிறார் என் கணவர்.

நடிப்பு என்று சொல்லாதீர்கள் அம்மா. இரண்டும் வெவ்வேறு நினைவுகள். இதை உலகுக்குக் காட்டியவர் ஹென்றி மொலைசன். கடுமையான வலிப்பு நோய்க்காக 1953-இல், அவருடைய 27 வயதில், ஹார்ட்ஃபோர்ட் நகரில் அறுவை சிகிச்சை செய்து, மூளையின் இருபுறமும், புது நினைவுகளைப் பதிய உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் நடந்த எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை.

பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் இரட்டைக் கோட்டில் வரைந்த நட்சத்திரம் ஒன்றைக் கொடுத்தார். தன் கையைக் கண்ணாடியில் மட்டுமே பார்த்தபடி, இரு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். செய்து பாருங்கள், பென்சில் எதிர்த் திசையில் ஓடும். மூன்று நாள் பயிற்சியில் மொலைசனின் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் இதற்கு முன் அதைச் செய்த நினைவே அவருக்கு இல்லை! கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு பகுதிகள் பொறுப்பு என்பது அப்படித்தான் தெளிவானது.

உங்கள் மாமியாருக்கு என்னவென்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. பூக்கட்டுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

ஒரு வாசகர்: ஒரே விபத்தை நானும் நண்பரும் பார்த்தோம். நான் சொல்வது ஒன்று, அவர் சொல்வது வேறு. பொய் சொல்வது யார்?

இருவருமே உண்மையாகப் பேசலாம். 1974-இல் லாஃப்டஸ், பால்மர் என்ற உளவியலாளர்கள் இருவரும் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, வேகம் என்ன என்று கேட்டார்கள். 50 பேரிடம் கார்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்றும், வேறு 50 பேரிடம் ‘இடித்தபோது’ என்றும் கேள்வி. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றார்கள். முதல் குழுவில் 16 பேரும் அடுத்ததில் 7 பேரும் ஆம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

அதே வாசகர்: அப்படியானால் சாட்சிகளை நம்பவே கூடாதா?

அப்படியில்லை. பிறரோடு பேசிக் கலப்பதற்கு முன் எழுதி வைத்ததற்கு மதிப்பு அதிகம். நீங்கள் இருவரும் எத்தனை முறை பேசிவிட்டீர்களோ!

ஒரு மாணவி: எனக்கு முதல் பிறந்தநாள் நன்றாக நினைவிருக்கிறது. இது அபூர்வம்தானே?

வீட்டில் ஆல்பம் இருக்கிறதா, அம்மா?