வயதான தாய்க்குப் பிறக்கும் குஞ்சு ஏன் கிழடாகப் பிறப்பதில்லை?

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் புறா வளர்க்கிறோம். கூண்டிலேயே மூத்த பெட்டைக்கு ஒன்பது வயது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இப்போதெல்லாம் அது பறப்பதில்லை. போன மாதம் இரண்டு முட்டை இட்டது. ஐந்தாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்று கூமுட்டை. இன்னொன்றில் மயிரிழை போலச் சிவப்பு நரம்புகள், நடுவே துடிக்கும் ஒரு புள்ளி. உங்கள் கேள்விதான் அன்று எனக்கும் வந்தது.

முட்டை செல் புதியது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. பெண் குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதே அதன் முட்டை செல்கள் உருவாகிவிடும். ஐந்தாம் மாதத்தில் சுமார் 60 முதல் 70 லட்சம், பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். 35 வயதில் ஒரு பெண் கருத்தரித்தால், அந்த முட்டைக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான்.

சரி, அப்போது இளமை எங்கிருந்து வருகிறது? டி.என்.ஏ. மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகள் (சின்னச் சின்ன வேதி அடையாளங்கள்) வயது ஏற ஏற மாறும். அவற்றை வைத்து வயதைக் கணிக்கும் முறையை ஸ்டீவ் ஹார்வத் என்ற ஆய்வாளர் 2013-இல் வெளியிட்டார். 2021-இல் வாடிம் கிளாடிஷேவின் குழு இதே மாதிரி கணக்கைச் சுண்டெலிக் கருவில் போட்டுப் பார்த்தது. எனக்குத் தூக்கம் போன இடம் இதுதான்: கருத்தரித்த நொடியில் கருவின் வயது பூஜ்ஜியம் இல்லை! அதற்குப் பிறகும் சில நாள் குறைந்து, உடலின் அடுக்குகள் பிரியும் கட்டத்தை ஒட்டித்தான் அடிமட்டத்துக்கு வருகிறது. அங்கிருந்துதான் மூப்பு தொடங்குகிறது. பிறப்பதற்கு முன்பே!

குளோனிங் முறையில், அதாவது ஒரு உடல் செல்லிலிருந்து நகலாக, உருவான டாலி ஆட்டை நினைத்துப் பாருங்கள். ஆறு வயது ஆட்டின் மடிச் செல்லிலிருந்து 1996-இல் பிறந்தது. ஆறு வயதிலேயே இறந்ததால் கிழட்டுச் செல்தான் காரணம் என்று பேச்சு வந்தது. உண்மையில் அதற்கு நுரையீரலில் வைரஸால் வந்த கட்டி. அதே செல்களிலிருந்து பிறந்த இன்னும் நான்கு ஆடுகள் நன்றாகவே மூப்படைந்தன என்று 2016-இல் கெவின் சின்க்ளேர் குழு காட்டியது.

ஆனால் ஒன்று. குறிகள் அழியும், குரோமோசோம் எண்ணிக்கைப் பிழை அழியாது. பல வருடம் காத்திருந்த முட்டையில் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதம் தளர்ந்துவிடும். ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சின்ட்ரோம், தாயின் வயதோடு வாய்ப்பு கூடுவது அதனால்தான். ஆகவே தாயின் வயது பொருட்டே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் குஞ்சு 18-ஆம் நாள் பொரிந்தது. இப்போது இறகு முளைத்துக்கொண்டிருக்கிறது.