ஆராய்ச்சியால் சேலத்துக்கு என்ன கிடைத்தது?

கேள்வி: எங்கள் மாவட்டத்தில் பாறையை ஆராய்கிறார்கள், பல்லியை ஆராய்கிறார்கள், பழங்காலக் கல்லை ஆராய்கிறார்கள், குற்றவியல் என்று சொல்லிச் சிறைக் கைதியைக்கூட விட்டுவைக்காமல் ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்குகிறார்கள். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் இந்த ஆராய்ச்சிகளால் ஊருக்கு ஒரு குடம் தண்ணீராவது கிடைத்ததா? மருத்துவம் போன்ற பயனுள்ள துறைகளுக்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை நிறுத்திவிட்டால் என்ன?
– வாசகர் ஒருவர், அம்மாபேட்டை, சேலம்.

பதில்: தண்ணீரைப் பற்றியே கேட்டுவிட்டீர்கள், அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை படிந்திருப்பதையும், வயது முதிரும் முன்பே முதுகும் மூட்டுகளும் விறைத்துப்போனவர்கள் இருப்பதையும் நீங்கள் பார்த்திருக்கக்கூடும். குடிநீரில் ஃபுளோரைடு என்ற உப்பு மிகுந்தால் வரும் இந்த நோயின் பெயர் ஃபுளோரோசிஸ். எலும்பு ஒருமுறை இறுகிவிட்டால் அதை இளக்கித் தருகிற மருந்து எந்த மருத்துவரிடமும் கிடையாது. ஆகவே நீங்கள் பயனுள்ளது என்று ஒதுக்கி வைத்திருக்கும் மருத்துவத்தால் தனியாக இங்கே செய்யக்கூடியது மிகக் குறைவு. தண்ணீரில் ஃபுளோரைடு எங்கிருந்து வருகிறது, பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஒன்றில் ஏன் அதிகமாகவும் மற்றொன்றில் ஏன் குறைவாகவும் இருக்கிறது, போர் இன்னும் ஆழமாகப் போட்டால் நல்ல நீர் கிடைக்குமா அல்லது நிலைமை மேலும் கெடுமா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், நீங்கள் கேலி செய்த அந்தப் பாறை ஆராய்ச்சியாளர்தான். பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்கள் கலந்த கடினப் பாறையின் வெடிப்புகளில் நீர் நெடுங்காலம் தங்கும்போது ஃபுளோரைடு அதில் கரைகிறது. அந்த நீரில் கால்சியம் குறைவாக இருந்தால் கரைந்த ஃபுளோரைடு படியாமல் நீரிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போவது பல இடங்களில் உதவியாக இல்லாமல் உபத்திரவமாக முடிகிறது. காய்ச்சிக் குடித்தாலும் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் மிச்ச நீரில் அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிணற்று நீரைப் பாட்டிலில் பிடித்து அளந்தவர்கள் இல்லையென்றால், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பானியக் கடன் கேட்பதற்கு ஆதாரம் ஏது? அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பது சேர்ந்திருக்கிறது. 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தபோது திறப்பு விழாப் படங்களில் பாட்டில் பிடித்தவர்களைக் காணோம் என்பது வேறு விஷயம். நம் பக்கத்து மாவட்டங்களுக்கு ஒரு குடம் அல்ல, ஒரு நதியின் கிளையே வந்து சேர்ந்திருக்கிறது.

அடுத்து, பழங்காலக் கல். ஏற்காட்டுக்குப் பலமுறை போயிருப்பீர்கள். அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. அவர் இந்தியப் புவியியல் அளவைத் துறையின் ஊழியர். பாறைகளின் வரைபடம் தயாரிப்பதற்காகத்தான் அரசு அவருக்குச் சம்பளம் கொடுத்தது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கல் ஆயுதம்தான் இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு முறையாகப் பதிவான முதல் சான்று. உங்களைப் போன்ற ஒருவர் அன்றைய நிதிக்குழுவில் இருந்திருந்தால், “பாறை அளக்கப் போன இடத்தில் கல் பொறுக்கியதற்குப் பயணப்படி கிடையாது” என்று எழுதியிருப்பார். அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் சுட்டிக்காட்டிய அத்திரம்பாக்கத்தில்தான், ஒன்றரை நூற்றாண்டு கழித்து சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அகழாய்வு செய்து, அங்கே கல் ஆயுதங்கள் செய்தவர்கள் குறைந்தது 10 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவர்கள், 15 லட்சம் ஆண்டுகள் வரைகூட அது நீளலாம் என்று 2011-இல் வெளியிட்டார்கள். இந்தத் துணைக்கண்டத்தில் மனித வரலாற்றின் தொடக்கத்தையே அது பின்னுக்குத் தள்ளியது.

ஃபூட் பணி ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் குடியிருந்தார். சேர்வராயன் மலையிலும் தேடினார். பிள்ளையார் முன்னால் வைத்து மலைமக்கள் வணங்கிவந்த, வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகளையும் அவர் பதிவு செய்திருக்கிறார். (அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர், அவரும் ஏற்காட்டில்தான் காலமானார். கோடை விழாவுக்குப் படகு ஓட்டப் போகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு பலகையாவது வைக்கலாம்.) ஃபூட் தம் சேகரிப்பை 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். அதன் பட்டியல் அவர் இறந்த பின்னர் அச்சானது. ஒவ்வொரு துண்டும் எந்த ஊரில் கிடைத்தது என்பதை விடாமல் குறித்து வைத்திருந்ததால் இன்றைக்கும் ஒருவர் அந்த இடத்துக்குப் போய் அவர் சொன்னது சரியா தவறா என்று பார்க்க முடிகிறது. ஓர் ஆராய்ச்சியிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது இந்த ஒன்றைத்தான்; அது எந்தத் துறை என்பதை இரண்டாவதாகத்தான் கேட்பேன்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு அதே அருங்காட்சியகமே சாட்சி. ஃபூட்டின் கற்கள் வந்து சேர்ந்தபோது அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அவரும் ஓயாமல் அளந்தார். ஆனால் அவர் அளந்தவை மனிதர்களின் மூக்கும் மண்டையும். சாதிக்குச் சாதி மூக்கின் அகலம் எவ்வளவு என்று அட்டவணை போட்டார். காவல்துறையினருக்கு உடல் அளவைப் பாடமும் எடுத்தார். அளவுகோல் துல்லியமாக இருந்தது, எண்களுக்கும் குறைவில்லை. எண்ணிலிருந்து மனிதனின் குணத்துக்குப் போகும் வழி மட்டும் இல்லாத வழி. பிறப்பாலேயே ஒரு கூட்டம் குற்றவாளி என்ற எண்ணத்துக்குப் படிப்பின் பூச்சு கிடைத்தது இந்த மாதிரி வேலைகளால்தான். 1871-இல் வடக்கே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சேலம் பகுதிக் குறவர்களும் அதில் சிக்கினார்கள். ‘சேலம் மேல்நாடு குறவர்’, ‘சேலம் உப்புக் குறவர்’ என்ற பெயர்களை, அந்தச் சட்டத்திலிருந்து பின்னர் விடுவிக்கப்பட்டவர்களின் பட்டியலான சீர்மரபினர் பட்டியலில் இன்றும் பார்க்கலாம். நம் ஊரின் பெயர் எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். அந்தச் சட்டம் நாடு முழுவதும் ஒழிந்தது 1952-இல்தான்.

இந்தப் பழியைத் துடைத்தது எது? அதுவும் ஆராய்ச்சிதான். மாடுகளின் முதுகில் உப்பும் தானியமும் ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே வணிகம் செய்தவர்கள் குறவர்கள் என்பதையும், உப்புக் கொள்கையும் ரயில் பாதையும் பஞ்சமும் சேர்ந்து அந்தப் பிழைப்பை அழித்த பிறகே அவர்கள்மீது திருட்டு முத்திரை விழுந்தது என்பதையும் மீனா ராதாகிருஷ்ணா போன்ற வரலாற்றாய்வாளர்கள் அரசின் பழைய கோப்புகளிலிருந்தே எடுத்துக்காட்டினார்கள். குற்றவியல் துறையை மூடிவிடலாம் என்கிறீர்கள். மூடினால் தர்ஸ்டனின் முடிவுகள் காவல் நிலையத்தில் வாய்மொழியாக உயிரோடு இருக்கும், அவற்றை மறுக்கும் ஆள்தான் இருக்க மாட்டார்.

சேலத்துக்காரர்கள் பேசக் கூசுகிற இன்னொரு குற்றமும் இருக்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு 851 பெண்கள்தான் சேலம் மாவட்டத்தில் இருந்தார்கள். தமிழகத்திலேயே மிகக் குறைந்த விகிதங்களில் ஒன்று அது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுச்செல்லச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம், அதற்கு முன்பே 1992-இல் நம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டதற்கும் காரணம் இந்தக் குற்றம்தான். பெண் சிசுக்கொலை பற்றிக் காவல் நிலையங்களில் புகார் வருவது அபூர்வம். கொன்றவரும் மறைத்தவரும் ஒரே வீட்டில் இருக்கும்போது புகார் கொடுப்பது யார்? ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராமச் சுகாதாரச் செவிலியர் எழுதிய பிறப்பு, இறப்புப் பதிவேடு இருந்தது. பிறந்த சில நாட்களில் இறந்த பெண் குழந்தைகளுக்கு எதிரே ‘சமூகக் காரணங்களால்’ என்று எழுதப்பட்டிருந்தது. அதன் பொருள் எழுதியவருக்கும் தெரியும், மேலதிகாரிக்கும் தெரியும். ஷீலா ராணி சுங்கத் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் வெங்கடேஷ் ஆத்ரேயா என்ற பொருளாதார அறிஞரும் அந்தப் பதிவேடுகளைத் தொகுத்து 1997-இல் கட்டுரையாக வெளியிட்டபோது, அங்கொன்றும் இங்கொன்றும் நடப்பதாகச் சொல்லப்பட்ட ஒன்று எந்தெந்த மாவட்டங்களில் செறிந்திருக்கிறது என்பது வரைபடமாகத் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டுதான் தருமபுரியில் கிராமம் கிராமமாகத் தெருநாடகக் குழுக்கள் போயின. 2011 கணக்கெடுப்பில் சேலத்தின் விகிதம் 900-ஐத் தாண்டியது. அதற்கு ஆராய்ச்சி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். தொட்டிலுக்கும், பெண்கள் படித்ததற்கும், ஸ்கேன் மையங்கள்மீது போடப்பட்ட சட்டத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் எங்கே தொடங்குவது என்பதைக் காட்டியது அந்தப் பதிவேடு. இது மருத்துவமா, குற்றவியலா, புள்ளியியலா? எந்தக் கணக்கில் இதற்குப் பணம் ஒதுக்குவீர்கள்?

பல்லி விஷயத்தில் உங்களுக்கு ரூபாய்க் கணக்கில் பதில் தர என்னால் ஆகாது. ஏற்காட்டின் பெயரையே தாங்கிய ஒரு சிறு பல்லியினம் 2000-இல் விவரிக்கப்பட்டது. சேர்வராயனின் பெயர் தாங்கிய மரம் ஒன்றும் அழியும் நிலையில் இருக்கிறது. இந்த மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பிய காலம் உண்டு. நாளைக்கு யாராவது வேறொரு குத்தகைக்கு மனு போட்டால், மலையில் என்னென்ன உயிர் இருக்கிறது என்ற பட்டியல் அன்றைக்குப் போய் அவசரமாக எழுதக்கூடியதன்று. முன்பே எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் கோபத்தில் நியாயமான பங்கும் இருக்கிறது, அதை மறைக்க நான் இங்கே உட்காரவில்லை. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஆய்விதழ்கள் பெருகியதற்கு, பட்டம் பெறும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதி ஒரு காரணம்; அந்தக் கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக்குழு 2022 விதிமுறைகளில் கைவிட்டது. அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. ஒரு கிராமத்தின் கிணற்று நீரையும், அங்குள்ள குழந்தையின் பல்லையும், அங்குள்ள நடுகல்லையும் அளந்துகொண்டு போகிறவர், அளந்த முடிவை ஆங்கிலத்தில் எழுதி, சந்தா கட்டினால்தான் திறக்கும் ஓர் இதழில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். கிணற்றுக்காரருக்கு அந்த எண் தெரியவே தெரியாது. ஒவ்வொரு முனைவர் ஆய்வேட்டுடனும் நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை ஆய்வு நடந்த ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவந்தால்தான் வாய்மொழித் தேர்வு என்று நம் பல்கலைக்கழகங்கள் விதி செய்ய வேண்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

அதுவரை நீங்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சேலம் என்று தேடிப் பாருங்கள். பயனற்றது என்று நீங்கள் கருதும் துறையிலிருந்தே மூன்றைத் தேர்ந்தெடுத்து, எங்கே போனார், எதை அளந்தார், அதைச் சரிபார்க்க வழி விட்டிருக்கிறாரா என்று படித்துப் பாருங்கள். மூன்றுமே குப்பை என்று தோன்றினால் காரணத்தோடு எழுதுங்கள். மாணவரின் பெயரை நீக்கிவிட்டு அடுத்த இதழில் போடுகிறேன்.