ஆழ்மனமும் ஒத்திகையும்: கேள்வி பதில்

ஒத்திகையில் ஆழ்மனத்தை எப்படி வேலை செய்ய வைப்பது?

நேராகப் போய் எழுப்ப முடியாது. நனவோடு செய்கிற வேலை வழியாகத்தான் ஆழ்மனத்தின் படைப்பை எட்ட முடியும் என்பது ரஷ்ய இயக்குநரும் நடிப்பு ஆசிரியருமான ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் அடிப்படை நம்பிக்கை. இயக்குநராக எனக்கும் அதுதான். மகன் இறந்த சேதி வந்த பிறகான ஒரு காட்சி. தாயாக நடித்தவர் அழ முயன்றுகொண்டே இருந்தார், ஒட்டவில்லை. "அழுகையை விடுங்கள், இந்தத் துணிகளை மடித்து வையுங்கள்" என்றேன். இரண்டு சட்டைகளை ஒழுங்காக மடித்தார். மூன்றாவதை மடிக்காமல் மடியில் விரித்து, கழுத்துப் பொத்தானை மெதுவாகப் போட்டுவிட்டார். பிரதியில் அது இல்லை, நானும் சொல்லவில்லை. ஏன் செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கவனம் முழுக்க மடிப்பில் இருந்ததால்தான் அது வந்தது.

அப்படி வந்ததை மறுநாளும் எப்படி வரவழைப்பது?

அந்த நடிகையும் மறுநாள் அதே பொத்தானைப் போட்டார். கை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனது, செத்த சைகை. அதனால் சைகையை விட்டுவிட்டு, அதற்கு வந்த வழியை மட்டும் நிலைப்படுத்தினோம்: எத்தனை துணி, எந்த வரிசை, முதல் சட்டையின்போது யாருடைய வசனம் காதில் விழுகிறது. சில நாள் பொத்தான் வந்தது. சில நாள் வேறு ஏதோ வந்தது, அதுவும் நன்றாகவே இருந்தது.

அழும் காட்சிக்காக, போன வருடம் இறந்த அப்பாவை நினைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஆறாத காயத்தை ஒத்திகைக்குக் கொண்டுவராதீர்கள்.

உணர்ச்சி நினைவை, அதாவது சொந்த வாழ்வில் பட்ட பழைய உணர்ச்சியை, பயன்படுத்தியவர்கள்தானே பெரிய நடிகர்கள்? அமெரிக்க நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க் கற்றுக்கொடுத்ததே அதுதானே?

ஸ்ட்ராஸ்பெர்க்கே அண்மைய நினைவுகளைத் தொடவிடவில்லை. குறைந்தது ஏழு வருடமாவது பழையதாக இருக்க வேண்டும் என்பார். நேராக உணர்ச்சியைத் தேடாமல், அன்றைய வெளிச்சம், வாசனை, கைக்குத் தட்டுப்பட்ட துணி என்று புலன்கள் வழியாகத்தான் போகச் சொன்னார். அமெரிக்க நடிகை ஸ்டெல்லா ஆட்லர் 1934இல் பாரிஸில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியோடு நேரில் பயின்று திரும்பி, அழுத்தம் விழவேண்டியது நாடகச் சூழலின் மேலும் செயலின் மேலும் கற்பனையின் மேலும்தான் என்றார். ஸ்ட்ராஸ்பெர்க் ஏற்கவில்லை. நான் ஆட்லர் பக்கம். சொந்த நினைவில் மூழ்கிய நடிகர் எதிரே நிற்பவரைப் பார்ப்பதில்லை. அங்கேயே காட்சி உடைந்துவிடுகிறது.

(முந்தைய கேள்வியைக் கேட்ட அதே நண்பர்) அப்படியானால் நடிகர் உணரவே கூடாதா? வெறும் உத்திதானா?

நான் அப்படிச் சொல்லவில்லை. உணர்வு வரட்டும், அதை இலக்காக வைக்காதீர்கள் என்கிறேன். உங்கள் கடந்தகாலம் எப்படியும் உங்களுக்குள் இருக்கிறது. கற்பனைக்கு நல்ல வேலை கொடுத்தால் தனக்குத் தேவையானதை அதுவே எடுத்துக்கொள்ளும். ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் மாணவரான நடிகர் மிகயீல் செக்கோவின் வழி இதுதான். பாத்திரத்தின் உள்விருப்பத்தை முழு உடலால் ஒரே சைகையாகச் செய்ய வைப்பார். மேடையில் அந்தச் சைகை வெளியே தெரியாது, குரலையும் நடையையும் உள்ளிருந்து மாற்றும். ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு வாதிடலாம்.

கொஞ்சம் குடித்தால் மனம் திறக்குமா?

திறப்பது போலத் தோன்றும். கவனம்தான் முதலில் போகும்.

நாடகம் எழுதுகிறேன். கனவுகளை அப்படியே காட்சியாக்கலாமா?

ஸ்வீடன் நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க் 1901இல் எழுதிய 'கனவு நாடக'த்தைப் படியுங்கள். பாத்திரங்கள் பிளவுபடும், பெருகும், கரையும்; ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே கனவு காண்பவரின் ஒற்றை உணர்வு நின்று கட்டிப்போடும். அந்தக் கட்டு இல்லையென்றால் உங்கள் கனவு உங்களுக்கு மட்டும்தான் சுவாரசியம். இன்னொன்று: எழுதும் நேரத்தையும் வெட்டும் நேரத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வரைவில் ஏனென்று தெரியாமல் வந்து விழும் வசனத்தை அன்றே அடிக்காதீர்கள். சில நாள் கழித்து, அது எந்தப் பாத்திரத்தின் வாயில் உட்காருகிறது என்று பாருங்கள்.

மேடையில் வசனம் மறந்துபோகிறது. ஆழ்மனத் தடையா?

பெரும்பாலும் மனப்பாடம் போதவில்லை. வீட்டில் சமையல் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். தடுமாறும் இடம் தெரியும்.

கண்ணீர் வரவே மாட்டேனென்கிறது, ஏதாவது பழைய துக்கத்தை...

மேலே சொல்லிவிட்டேன். காயத்தைக் கிளறாதீர்கள். பாத்திரம் அழாமல் இருக்க என்ன செய்கிறது என்று கண்டுபிடித்து அதைச் செய்யுங்கள்.

ஒரு பாத்திரம் முடிந்த பிறகும் தூக்கம் வரவில்லை, பழையதெல்லாம் மேலே வருகிறது.

இதற்கு நான் ஆள் இல்லை, எந்த இயக்குநரும் இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே. அதுவரை அந்தப் பாத்திரத்தைத் தொட வேண்டாம்.